முதல் இருநூறு மீட்டர்

2024 ஜூலை 31. பாரிஸ் நகரத்தில் செய்ன் நதி. மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்தை ஒட்டிக் கட்டியிருந்த மிதவை மேடையில் ஒலிம்பிக் டிரையத்லான் வீரர்கள் வரிசையாக நின்றார்கள். முந்தின நாளே முடிந்திருக்க வேண்டிய ஆண்கள் போட்டி அது. மழைக்குப் பிறகு ஆற்றுத் தண்ணீர் தேறவில்லை என்று ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தார்கள். அந்த ஆற்றில் இறங்கலாமா கூடாதா என்பதுதான் எல்லோருக்கும் பேச்சு. என் மனதில் நிற்பது வேறு காட்சி. நீரோட்டத்தோடு வழுக்கிக்கொண்டு போனவர்கள், எதிர்நீச்சல் போட வேண்டி வந்ததும் ஒருவர்பின் ஒருவராகக் கரையின் கல்சுவரை ஒட்டிக்கொண்டார்கள். கையை அகல வீசினால் சுவரில் இடிக்கும், அவ்வளவு நெருக்கம். நடுவில் ஓட்டம் அதிகம், ஓரத்தில் குறைவு என்பது வாய்க்காலில் காகிதக் கப்பல் விட்ட பிள்ளைக்கும் தெரியும். உலகத்தின் தலைசிறந்த வீரர்கள் அந்தப் பிள்ளையின் கணக்கை நம்பித்தான் அன்று நீந்தினார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அசையாத தண்ணீரில் நொடிக்கு 1.4 மீட்டர் நீந்தும் ஒருவர். ஆற்றின் ஓட்டம் நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்நீச்சலில் அவருக்கு மிஞ்சுவது 0.9 மீட்டர், நீரோடு போனால் 1.9. இப்போது அவர் கொஞ்சம் மெனக்கெட்டுத் தன் வேகத்தை நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் கூட்டுகிறார். 500 மீட்டர் எதிர்நீச்சலில் அந்த மெனக்கெடல் அவருக்கு 56 நொடி மிச்சப்படுத்தும். அதே மெனக்கெடலை நீரோடு போகும் 500 மீட்டரில் காட்டினால் கிடைப்பது 13 நொடி. கூட்டிய வேகம் ஒன்றுதான். ஓரிடத்தில் கிடைக்கும் பலன் இன்னோரிடத்தைப்போல நான்கு மடங்கு.

நீச்சலில் வேகத்தைப் பங்குபோட்டுச் செலவழிப்பது என்றால் இதுதான். வாகனம் ஓட்டும்போது எப்போது கியர் மாற்றுவது என்று நமக்குத் தெரிகிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது எந்த மடையை எப்போது திறப்பது என்று தெரிகிறது. தண்ணீருக்குள் நம் உடம்பே இறங்கியதும் அந்த அறிவெல்லாம் கரையிலேயே நின்றுவிடுகிறது. ஊதல் ஒலித்ததும் அடி, அடி என்று அடிக்கிறோம். அதற்கு ஒரு காரணம், நாம் தொலைக்காட்சியில் பார்த்துக் கற்றுக்கொண்டது.

பேருந்தைப் பிடிக்கும் ஓட்டம்

ஒலிம்பிக் டிரையத்லான் 1,500 மீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். எந்த ஒலிம்பிக் போட்டியை எடுத்துப் பார்த்தாலும் முதல் ஒரு நிமிடம் வெறியோடு இருக்கும். கையும் காலும் மோத, நுரை பறக்க, முதல் மிதவை வரை யாரும் மூச்சு விடுவதாகவே தெரியாது. அந்த வெறி அவர்களுக்குச் சரி. ஒலிம்பிக் வகை உயர்நிலைப் போட்டிகளில் சைக்கிளில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒட்டி மிதிக்க அனுமதி உண்டு. கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்குக் காற்றுத் தடை பெருமளவு குறைகிறது; தனியாக விடப்பட்டவர் அதே வேகத்துக்கு வெகுவாகக் கூடுதல் வேலை பார்க்க வேண்டும். ஆகவே தண்ணீரிலிருந்து முன்கூட்டத்தோடு ஏறுவது என்பது கிளம்பிக்கொண்டிருக்கும் பேருந்தில் தொற்றுவது போல. பத்து நொடி தாமதம் என்றால் 40 கிலோமீட்டரும் பாரம்.

பாரிஸில் நியூசிலாந்தின் ஹேடன் வைல்ட் அந்தப் பேருந்தைத் தவறவிட்டார். தண்ணீரை விட்டு ஏறும்போது முன்னால் இருந்தவர்களுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். பின்கூட்டம் ஒன்றுசேர்ந்து மிதித்து முன்கூட்டத்தை எட்டிப்பிடித்ததால் பிழைத்தார். ஓட்டத்தில் முன்னால் போய், கடைசிச் சில நூறு மீட்டரில் பிரிட்டனின் அலெக்ஸ் யீயிடம் 6 நொடியில் தங்கத்தை விட்டார். அந்த ஆட்டத்தில் கூட்டம்தான் மூலதனம். முதல் 200 மீட்டரில் கண்மூடித்தனமாகச் செலவழித்தால்கூட, பின்னால் கூட்டம் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடும்.

இப்போது நம் பக்கம் வருவோம். 2019 அக்டோபரில் கோவாவில் அயர்ன்மேன் 70.3 முதல்முறையாக நடந்தது. பணஜியின் மிராமர் கடற்கரையில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், பிறகு 90 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 21.1 கிலோமீட்டர் ஓட்டம். சென்னை, கோவை, பெங்களூரு என்று எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போகிறார்கள். வங்கி ஊழியர், மருத்துவர், மென்பொருள் ஆள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வரும் அம்மா. இவர்களுக்கான விதி வேறு. சைக்கிளில் முன்னால் போகிறவருக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நெருங்கினால் தண்டனை. காற்றை அவரவரே கிழித்துக்கொண்டு போக வேண்டியதுதான். இங்கே பேருந்தே கிடையாது. கிடையாத பேருந்தைப் பிடிக்க எதற்கு ஓடுகிறோம்?

இந்த விளையாட்டில் நான் பார்த்த பெரிய தவறு இதுதான். மற்றவர்களிடம் பார்ப்பதற்கு முன்னால் என்னிடம் பார்த்தேன்.

கிணறு கற்றுத் தராதது

நான் நீச்சல் பழகியது எங்கள் ஊர்க் கிணற்றில். காய்ந்த சுரைக்குடுவையை முதுகில் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, பெரியப்பா மேலிருந்து தள்ளிவிட்டார். இரண்டு கோடை விடுமுறையில் குடுவையும் போனது, கயிறும் போனது. கிணறு பயத்தைப் போக்கும் நல்ல வாத்தியார். ஆனால் கிணற்றில் தூரம் கிடையாது. மேட்டிலிருந்து குதி, நாலு கை போடு, படியைப் பிடி, மறுபடி ஏறு. தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே, கால் எப்போதும் உதைத்தபடி. எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் பத்து நொடியில் கொட்டித் தீர்க்கும் நீச்சல் அது. கிணற்றிலும் குளத்திலும் பழகியவர்கள் கடலுக்கு வந்தால் தைரியத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. வேகத்தைப் பிரித்துக் கொடுக்க மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

என் முதல் 70.3 போட்டியில் எனக்கு வயது 41. ஊதல் ஒலித்ததும் முன்னால் பாய்ந்த கூட்டத்தோடு நானும் பாய்ந்தேன். முதல் நூறு மீட்டரை 1 நிமிடம் 50 நொடியில் நீந்தினேன் என்று பிறகு கைக்கடிகாரம் சொன்னது. பயிற்சியில் நூறு மீட்டருக்கு இரண்டரை நிமிடம் எடுப்பவன் நான். அந்த நூறு மீட்டரும் வலிக்கவே இல்லை. பறப்பது போல் இருந்தது. மாதக்கணக்கில் செய்த பயிற்சி பலித்துவிட்டது என்றுகூட நினைத்தேன். நூற்றைம்பதைத் தாண்டியதும் யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்தார்கள். மூச்சை இழுக்கிறேன், உள்ளே இடமில்லை. தலையைத் தூக்கினேன், கால் தாழ்ந்தது, ஒரு அலை வாய்க்குள் போனது. கரை பக்கத்தில்தான் இருந்தது. அங்கே நின்ற ஆயிரம் பேரில் ஒருவருக்கும் எனக்கு என்ன ஆகிறது என்று தெரியாது.

கயாக்கில் இருந்த காவல் பையன் ஒருவன் துடுப்பைப் போட்டு அருகில் வந்தான். “பிடிச்சுக்கங்க அண்ணே. ஒண்ணும் அவசரமில்ல. முன்னாடி மட்டும் தள்ளிட்டுப் போகக் கூடாது, அவ்ளோதான்” என்றான். விதியும் அதுதான். படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதனால் முன்னேறாத வரை போட்டியிலிருந்து நீக்க மாட்டார்கள். இதைத் தெரியாமல், படகைத் தொட்டாலே ஆட்டம் போச்சு என்று பயந்து தவிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து தெரிந்துகொள்ளுங்கள், தெரியாதவர்களிடம் சொல்லுங்கள்.

மூன்று நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கொஞ்ச தூரம் மல்லாந்து, கொஞ்ச தூரம் தவளை நீச்சலில் என்று எப்படியோ 58 நிமிடத்தில் கரையேறினேன். சைக்கிளில் 60 கிலோமீட்டரில் தொடை இழுத்துக்கொண்டது. ஓட்டத்தில் பாதி தூரம் நடந்தேன். முதல் இரண்டு நிமிடத்தில் வாங்கிய கடனை ஏழு மணி நேரம் கட்டினேன்.

உடம்பு சொல்லும் பொய்

அன்று என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. தசைக்குள் முதல் பத்து நொடி போல ஓட உடனடிச் சக்தி தயாராக இருக்கிறது. அது தீரும்போது ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் ஏற்பாடு கைகொடுக்கிறது. இதயமும் நுரையீரலும் தசையின் தேவைக்கு ஈடுகொடுத்து நிலைக்கு வர ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். அந்த இடைவெளியில் எவ்வளவு வேகமாகப் போனாலும் உடம்பு முறையிடாது. பில் வருவது பிறகு. தண்ணீரில் இரண்டு நிமிடம் என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு ஏறக்குறைய நூறு மீட்டர். ஆகவேதான் 100க்கும் 200க்கும் நடுவில் அத்தனை பேர் கையைத் தூக்குகிறார்கள்.

தரையில் இப்படி மூச்சு வாங்கினால் நின்று, இடுப்பில் கை வைத்து, வாயைத் திறந்து வேண்டிய மட்டும் இழுத்துக்கொள்ளலாம். தண்ணீரில் மூச்சுக்கு ரேஷன். இரண்டு கைவீச்சுக்கு ஒருமுறை, அதுவும் அரை நொடி. பதற்றத்தில் நாம் செய்வது இழுத்த மூச்சை உள்ளேயே பிடித்துவைப்பது. கரியமில வாயு சேரச் சேர மூச்சுமுட்டல் கூடுகிறது. அப்போது தேவை இன்னும் காற்று என்று தோன்றும். உண்மையில் முதலில் தேவை உள்ளே இருப்பதை வெளியேற்றுவது. முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுக்கக் குமிழியாக ஊதிக்கொண்டே இருந்தால், தலை திரும்பும்போது காற்று தானாக உள்ளே வரும்.

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சாக இருந்தால் இவ்வளவு எழுதமாட்டேன். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்களை ஆராய்ந்து 2017இல் ஒரு மருத்துவ ஆய்வு வெளிவந்தது. திடீர் மரணம், நின்றுபோய் மீட்கப்பட்ட இதயம், விபத்துச் சாவு எல்லாம் சேர்த்து 135 சம்பவங்கள். அதில் 90 நீச்சலில் நடந்தவை. பெரும்பாலும் ஆண்கள், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். பங்கெடுத்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் லட்சத்தில் இரண்டு பேருக்கும் குறைவுதான். மறைந்திருந்த இதயக் கோளாறு அவர்களில் பலருக்குக் காரணம். நீச்சல் வேகம் மட்டுமே கொன்றது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பயம், நெரிசல், திடீர் உச்ச உழைப்பு, பிடித்துவைத்த மூச்சு என்று நான்கும் ஒரே நிமிடத்தில் இதயத்தின் மேல் விழுகிற இடம் இந்தப் போட்டியில் நீச்சலின் தொடக்கம்தான். நாற்பது வயதுக்கு மேல் இந்த விளையாட்டுக்கு வருகிறவர்கள் காலணி வாங்குவதற்கு முன் இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு சின்ன வரலாறு. 1974 செப்டம்பர் 25ஆம் தேதி அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மிஷன் பே என்ற இடத்தில் 46 பேர் கலந்துகொண்ட முதல் நவீன டிரையத்லான் நடந்தபோது, அது ஓட்டத்தில்தான் தொடங்கியது. நீச்சல் பின்னால் வந்தது. களைத்துப்போன உடம்பைத் தண்ணீரில் இறக்குவது ஆபத்து என்பதால் நீச்சல் பிற்பாடு முதலிடத்துக்கு வந்து நிலைத்தது. அந்த ஏற்பாடு சரிதான். அதற்கு நாம் கொடுக்கும் விலை, துள்ளிக்கொண்டிருக்கும் புத்தம்புது உடம்போடு தண்ணீரில் இறங்குவது. அந்தத் துள்ளலை நம்பினால் கெட்டோம்.

தண்ணீரின் வட்டி விகிதம்

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. அதைக் கிழித்துப் போகும்போது இழுவை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அந்த வேகத்தைத் தாங்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நூறு மீட்டருக்கு இரண்டரை நிமிடம் எடுக்கும் ஒருவர் அதை 2 நிமிடம் 20 நொடியாகக் குறைக்க ஆசைப்படுகிறார் என்று வையுங்கள். வேகம் 7 சதவீதம்தான் கூடுகிறது. தேவைப்படும் திறனோ ஏறக்குறைய 23 சதவீதம் கூடுகிறது. அவ்வளவு கொட்டியும் 1.9 கிலோமீட்டரில் அவருக்குக் கிடைப்பது 3 நிமிடம் 10 நொடி.

அந்த மூன்று நிமிடத்துக்காகக் களைத்துப்போய் சைக்கிளில் ஏறி, மணிக்கு 28 கிலோமீட்டர் ஓட்டக்கூடியவர் 27தான் ஓட்டினார் என்றால்? 90 கிலோமீட்டரில் 7 நிமிடம் போச்சு. இன்னும் ஓட்டம் தொடங்கவே இல்லை. மொத்தம் 113 கிலோமீட்டரில் நீச்சல் 1.7 சதவீதம். ஒரு நாள் சமையலுக்கு வைத்திருந்த எண்ணெயை எல்லாம் தாளிப்புக்கே ஊற்றிவிடுகிற கதை இது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2005இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. நன்கு பயிற்சி பெற்ற ஒன்பது டிரையத்லான் வீரர்களை 750 மீட்டர் நீந்தவைத்து, அளவு குறித்த சைக்கிள் வேலையைச் செய்யவைத்து, 5 கிலோமீட்டர் ஓடவைத்தார்கள். ஒருமுறை தங்களால் முடிந்த உச்ச வேகத்தில் நீச்சல். ஒருமுறை அதில் 90 முதல் 95 சதவீதம். ஒருமுறை 80 முதல் 85 சதவீதம். மெதுவாக நீந்திய முறையில்தான் சைக்கிளும் வேகம், மொத்த நேரமும் உச்ச வேகத்தில் நீந்தியதைவிடக் குறைவு. நீச்சலில் விட்டதைவிடக் கூடுதலாகத் தரையில் அள்ளினார்கள். ஒன்பது பேர் என்பது சின்னக் கூட்டம்தான். அதோடு அது தனித்தனியாக நடந்த சோதனை. கூட்டத்தில் ஒட்டி மிதிக்கும் ஒலிம்பிக் போட்டிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. நம்மைப் போலத் தனியாக மிதிக்கிறவர்களுக்குப் பொருந்தும்.

உச்சத்தில் இருப்பவர்களிடமும் இதற்குச் சாட்சி உண்டு. 2018, ஹவாய்த் தீவின் கோனாவில் முழு அயர்ன்மேன் உலகப் போட்டி. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், முழு மாரத்தான். இங்கிலாந்தின் லூசி சார்ல்ஸ் அன்று 48 நிமிடம் 14 நொடியில் கரையேறினார். அங்கே பெண்களுக்கான நீச்சல் சாதனை அது. சுவிட்சர்லாந்தின் டேனியலா ரீஃபைப் போட்டி தொடங்குவதற்குச் சற்று முன் ஜெல்லிமீன் கொட்டியிருந்தது. வலியோடு நீந்தி ஏறும்போது ஒன்பது நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். அந்த இடத்தில் பதறாததுதான் அவருடைய வெற்றி. இழந்ததைத் தண்ணீரிலேயே மீட்கப் பார்க்கவில்லை. சைக்கிளில் சாதனை படைத்து, 8 மணி 26 நிமிடத்தில் பெண்கள் பிரிவில் மொத்தப் போட்டிக்கும் அதுவரை இல்லாத சாதனை நேரத்தோடு முதலில் வந்தார். லூசி சார்ல்ஸ் இரண்டாவது. அவர் முட்டாள்தனமாக நீந்தினார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நீச்சல் குளத்திலிருந்து வந்தவர் அவர், அந்த வேகம் அவருக்கு இயல்பான நடை. 2023இல் அதே கோனாவில் நீச்சலிலிருந்து கடைசிக் கோடு வரை முன்னாலேயே இருந்து பட்டத்தை வென்றார். அவரவர் நடை எது என்பதுதான் கேள்வி.

நம் நடையைக் கண்டுபிடிப்பது

அதற்கு ஒரு எளிய வழி உண்டு. நீச்சல் குளத்தில் நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டரை முழு முயற்சியோடு நீந்த வேண்டும். நன்றாக ஓய்வெடுத்து, பிறகு 200 மீட்டரை அப்படியே. பெரிய நேரத்திலிருந்து சின்ன நேரத்தைக் கழித்து, வருவதைப் பாதியாக்கினால் நூறு மீட்டருக்கான நம் எல்லை வேகம் கிடைக்கும். என் கணக்கு: 400க்கு 9 நிமிடம் 20 நொடி, 200க்கு 4 நிமிடம் 28 நொடி. கழித்தால் 4 நிமிடம் 52 நொடி. பாதி, 2 நிமிடம் 26 நொடி. இதைத் தாண்டினால் கடன் ஏறத் தொடங்கும். இதற்குள் இருந்தால் நெடுநேரம் போகலாம்.

எங்கள் குழுவில் 1.9 கிலோமீட்டருக்கு இந்த எல்லையோடு ஆறு நொடி கூட்டிக்கொள்வோம். முழு அயர்ன்மேனின் 3.8 கிலோமீட்டருக்குப் பத்து நொடி. ஆக, என் போட்டி வேகம் நூறு மீட்டருக்கு 2 நிமிடம் 32 நொடி. 70.3 போட்டியில் நீச்சலுக்கு 1 மணி 10 நிமிட அவகாசம் உண்டு. அதாவது நூறு மீட்டருக்கு 3 நிமிடம் 41 நொடி. இந்த எண்ணைத் தெரிந்துகொண்டாலே பலருக்குப் பாதிப் பயம் போய்விடும். நேரத்துக்குள் முடிக்க மாட்டோமோ என்ற பயம்தான் பலரை முதல் மிதவைக்கு முன்னாலேயே மூழ்கடிக்கிறது.

ஆனால் கடலில் கடிகாரத்தைப் பார்க்க முடியாது. எண்ணை உடம்புக்குள் ஏற்ற வேண்டும். எங்கள் கோச் அதற்காகவே ஒரு பயிற்சி வைத்திருக்கிறார். பத்து முறை நூறு மீட்டர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பதினைந்து நொடி இடைவெளி, பத்தும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காமல் நம் நேரத்தை நாமே முதலில் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நான் எட்டு நொடி, பத்து நொடி தவறாகச் சொல்வேன். அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக. மெதுவாகப் போனேன் என்று நினைத்த முதல் நூறுதான் மிக வேகமான நூறாக இருக்கும். “முதல் நூறு உனக்கு வெக்கமா இருக்கணும் தம்பி. இவ்ளோ மெதுவாவா போறோம்னு தோணணும். தோணலைன்னா நீ வேகமாப் போற” என்பார். மூன்று மாதத்தில் இரண்டு நொடிக்குள் சொல்ல வந்தது. பிறகுதான் கடலுக்கு விட்டார்.

கடலில் இலவசமாகக் கிடைப்பது ஒன்று உண்டு. முன்னால் நீந்துகிறவரின் பாதத்துக்குப் பின்னால் அரை மீட்டருக்குள் இருந்தால் நமக்கு இழுவை ஐந்தில் ஒரு பங்கு போலக் குறையும். சைக்கிளில் தடைசெய்யப்பட்டது நீச்சலில் தாராளமாக அனுமதி. நம்மைவிடக் கொஞ்சமே வேகம் கூடியவர் யார் என்று பார்த்து அவருடைய குமிழிகளைப் பின்தொடர்ந்தால் அதே உழைப்பில் வழக்கத்தைவிட வேகமாகப் போகலாம். ரொம்ப வேகமானவரைப் பிடிக்க ஓடினால் மறுபடி பழைய கதை. அவருடைய பாதத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டிருப்பது மட்டும் வேண்டாம், அது எரிச்சலூட்டும். அவர் வழி தவறினால் நாமும் தவறுவோம் என்பதால், பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் முதலைபோல் நீர்மட்டத்துக்கு மேல் தூக்கி மிதவையை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். தலை முழுக்க எழுந்தால் இடுப்பு தாழும், இழுவை கூடும். கிணற்று நீச்சல்காரர்களுக்கு இந்தப் பழக்கத்தை விடுவதுதான் பெரும்பாடு.

நம் கடலில் இன்னொரு விஷயம், வெட்சூட் என்ற ரப்பர் உடை கிடையாது. தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் அயர்ன்மேனில் அதை அணிந்து பரிசுக்குப் போட்டியிட முடியாது. நம் கடல் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். ஐரோப்பியக் காணொளிகளில் ரப்பர் உடை காலைத் தூக்கிக் கொடுக்க, அவர்கள் காலை அடிக்காமலே வழுக்கிப் போவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. நமக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கும் மிதப்பு மட்டும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பின் சூடும் எளிதில் இறங்காது. அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் வேகத்தைக் கழித்துவிட வேண்டும்.

நீரோட்டத்தைப் பற்றிக் கடற்கரைக் குப்பத்துப் பெரியவர்களிடம் கேட்பது போன்ற பயிற்சி வேறில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம், “ஐயா, தண்ணி எப்படி இருக்கு?” என்றேன். எழுந்து வந்து இரண்டு நிமிடம் பார்த்தார். “வடக்க இழுக்குது. தெக்கால போயி இறங்கு. திரும்பறப்போ கரையோரமா வா” என்றார். செய்ன் நதியில் கல்சுவரை ஒட்டி நீந்தியவர்களின் பயிற்சியாளர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். போட்டியன்று காலை எல்லோரும் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும்போது, நான் கரையில் நின்று மிதவை எந்தப் பக்கம் சாய்கிறது, கயிறு எந்தப் பக்கம் விறைக்கிறது என்று பார்க்கப் பழகிக்கொண்டேன். சாய்கிற பக்கம்தான் தண்ணீர் போகிற பக்கம். எதிர்த்துப் போக வேண்டிய நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல் தெம்பை ஒதுக்கிவைக்க வேண்டும்.

இரண்டாவது முறை போட்டிக்குப் போனபோது கூட்டத்தின் வலது ஓரத்தில், கடைசியிலிருந்து மூன்றாவது வரிசையில் நின்றேன். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே கொஞ்சம் நீந்தி, முகத்தைத் தண்ணீருக்குப் பழக்கியிருந்தேன். ஊதல் ஒலித்தது. எல்லோரும் போனார்கள். நான் ஐந்து எண்ணிவிட்டு இறங்கினேன். முதல் ஐம்பது கைவீச்சை எண்ணினேன். ஒவ்வொரு வீச்சிலும் மூச்சை ஊதிக்கொண்டே. இரண்டு பக்கமும் ஆட்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். கோச் சொன்ன வெட்கம் வந்தது. நல்லது, சரியான வேகத்தில்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். 200 மீட்டர் மிதவையைச் சுற்றும்போது, என்னைத் தாண்டியவர்களில் மூன்று பேர் அங்கே தவளை நீச்சலில் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மிதவையின் கயிற்றைப் பிடித்திருந்தார். அவர் கண்ணைப் பார்த்தேன். முதல் முறை என் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும். “ஊதுங்க சார், வெளியே ஊதுங்க. நேரம் நிறைய இருக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

நடுவில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நீலத் தொப்பிக்காரரின் குமிழிகள் ஆயிரம் மீட்டர் வரை கிடைத்தன, பிறகு அவர் போய்விட்டார். கடைசி மிதவையிலிருந்து கரை தெரிந்தது. கரையைப் பார்த்ததும் பாயத் தோன்றும், பாயவில்லை. கால் உதையை மட்டும் கொஞ்சம் கூட்டினேன். அதுவரை கை வேலை பார்த்துக்கொண்டிருந்தது, இனி கால் வேலை. முக்கால் மணி நேரம் படுத்துக் கிடந்த உடம்பு சட்டென்று எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். அதனால் கை மணலில் தட்டும் வரை நீந்தி, பிறகு குனிந்தபடியே நாலு அடி வைத்து, மெல்ல நிமிர்ந்தேன். கடிகாரம் 49 நிமிடம் காட்டியது.

முதல் முறையைவிட ஒன்பது நிமிடம் குறைவு. சைக்கிள் நிறுத்தம் வரை நடந்தே போனேன். ஹெல்மெட்டின் வாரை மாட்டும்போது விரல் நடுங்கவில்லை. பக்கத்துக் கம்பியில் சைக்கிள் வைத்திருந்தவர் இன்னும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வந்தார். மிதவைக் கயிற்றைப் பிடித்திருந்தவர்தான். மூச்சு வாங்கிக்கொண்டே, “ஊதினேன் சார்” என்றார்.